சத்தம் போடாத சக்கரம்

தலைமை நர்ஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கட்டிலைத் தள்ளினா சத்தம் வரக் கூடாது. ராத்திரி ஒருத்தரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனா வார்டே எந்திரிச்சு உக்காருது. புதுக் கட்டிலும் கீச்சுன்னு கத்துச்சுன்னா உங்க வாசல்லயே கொண்டுவந்து இறக்கிடுவேன்."

கொள்முதல் அதிகாரி இதை ஒரு வார்த்தை குறைக்காமல் முதலாளியிடம் சொன்னாள். கட்டில் செய்யும் அந்தக் கம்பெனிக்கு ஆஸ்பத்திரியை விட்டால் பெரிய வாடிக்கை இல்லை.

"சக்கரத்துக்கு நல்ல ஆளாப் பிடிம்மா. சொதப்பினா கிடங்குக்குப் போயிடு."

கிடங்கு வராந்தாவின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. அங்கே மாற்றப்பட்டவர் யாரும் திரும்பியதாக அலுவலகத்தில் பேச்சில்லை.

மூன்று கம்பெனிகள் மாதிரிச் சக்கரங்களை அனுப்பின. தேர்வுக் குழு கூடியது. மதிப்பெண்ணைப் பிரித்தவர் கணக்கு மேலாளர். அலுவலகத்தில் அவருக்குத் தள்ளுபடி என்று பெயர். நூறில் பெரும்பகுதி விலைக்கும் தவணைக்கும் போனது. அட்டைப்பெட்டியின் அழகுக்குப் பத்து. வாடிக்கையாளர் தேவைக்கு ஐந்து.

"ஏன் சார் அஞ்சு?" என்றாள் கொள்முதல் அதிகாரி.

"வாடிக்கையாளர் இந்தக் குழுவுலயா இருக்காங்க?"

சோதனைக்குக் கொண்டுவந்த கட்டில் கூட்ட அறைக் கதவுக்குள் நுழையவில்லை. அதனால் சக்கரங்களை மூன்று நாற்காலிகளில் மாட்டினார்கள். அறையில் புதுக் கம்பளம், செருப்பு புதையும் கனத்தில்.

முதலாளி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்தார். தள்ளுபடி தள்ளினார். மூன்றும் மூச்சு விடவில்லை. மூன்றுக்கும் ஐந்துக்கு ஐந்து.

"மூணாவது வெண்ணெய் மாதிரி வழுக்குதுய்யா" என்றார் முதலாளி, இன்னொரு சுற்றுக் கேட்டு வாங்கிக்கொண்டு. மூன்றாவதுதான் விலையும் குறைவு.

அவள் எழுந்தாள். "சார், ஆஸ்பத்திரியில டைல்ஸ் தரை. வராந்தாவுல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமே."

"முதலாளியை உக்கார வச்சு வராந்தாவுல தள்றதா? பார்க்கிறவங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோறோம்னு நினைப்பாங்க" என்றார் தள்ளுபடி.

"சார் உக்கார வேண்டாம். நான் உக்காருறேன்."

"உன்னை யாரும்மா தள்றது?"

யாரும் முன்வரவில்லை. வெறும் நாற்காலியையாவது தள்ளலாம் என்று அவள் கை வைத்தாள்.

"மார்க் போட்டாச்சு. போட்டப்புறம் சோதிச்சா தேர்வுக்கு என்ன மரியாதை?" என்றார் முதலாளி. அவருக்குப் பசி.

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக அவளும் போட்டாள்.

வீட்டில் கணவன் கேட்டான். "தப்பாப் போனா குழுதானே பொறுப்பு?"

"குழு அப்பவே கலைஞ்சு போச்சு."

"அப்ப?"

"அப்ப நான்தான்."

கட்டில்கள் போய்ச் சேர்ந்த அன்றே தலைமை நர்ஸ் அவளை அழைத்தாள். போனை வார்டின் பக்கம் நீட்டினாள்.

கீச்ச்ச்.

"கேக்குதா?"

"கேக்குது சிஸ்டர்."

"நல்லாக் கேட்டுக்கோ. வண்டி கிளம்பியாச்சு."

கட்டில்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. முதலாளியின் கார் உள்ளே வர முடியவில்லை. அவர் நடந்து வந்து கூட்டம் போட்டார்.

"ஆஸ்பத்திரியில கம்பளம் விரிச்சுக்கச் சொல்லுங்க."

"சொன்னேன் சார். போனை வச்சுட்டாங்க" என்றார் தள்ளுபடி.

"நம்ம சக்கரத்துல குறையே இல்லையே. நானே உக்காந்து பார்த்தேனே. வாடிக்கையாளர் தேவையை யாரு பார்த்துக்கிட்டது?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"நான்தான் சார். அதுலதான் அஞ்சுக்கு அஞ்சு."

ஒருவர் சிரிக்கத் தொடங்கி இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கிடங்குக்குக் கிளம்பும்மா. அங்க நாற்காலி கிடையாது. உக்காந்திருக்கிறதையே எடுத்துக்கிட்டுப் போ."

அவள் எழுந்து நாற்காலியைத் திருப்பினாள். சோதனையில் முதலாளி இரண்டு சுற்றுப் போன மூன்றாவது நாற்காலி அது. கம்பளத்தின் மேல் வெண்ணெயாகப் போனது. வாசற்படி தாண்டி வராந்தாவின் டைல்ஸில் இறங்கியதும் அலறியது.

அறை அறையாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. தூக்கிக்கொண்டே போயிருக்கலாம், கனமில்லாத நாற்காலிதான். அவள் தள்ளினாள். அவசரமே இல்லாமல்.

"என்னய்யா சத்தம் அது?" என்றார் உள்ளே முதலாளி.

தள்ளுபடி எழுந்து கதவைச் சாத்தினார்.

"நின்னுடுச்சு சார்."