ஏழாம் கூடைக்குச் சாட்சி

பன்னிரண்டு மணி நேரம் பாலாடைக்கட்டி ஆலையில் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் காலை நீட்டாமல் நேரே பூங்காவுக்கு வந்தேன். காரணம் ஆர்லன். வியாழக்கிழமை அவனுக்கு வலது தோளில் ஆபரேஷன். அதற்குப் பிறகு தட்டு எறிவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "கடைசியா ஒரு ஆட்டம் போடலாம், வெண்டல்" என்று போனில் கேட்டான். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துப் பூங்காவில் ஒன்பது கூடைகள். கம்பத்தில் சங்கிலிகள் தொங்க, அடியில் இரும்புக் கூடை. இது டிஸ்க் கோல்ஃப். கோல்ஃபில் பந்தைக் குழியில் போடுவதுபோல் இங்கே பிளாஸ்டிக் தட்டை எறிந்து கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான், பணக்காரர்களும் கிடையாது. ஒவ்வொரு கூடைக்கும் எறியத் தொடங்குகிற மேடையிலிருந்து எறிந்த முதல் எறியே கூடைக்குள் விழுந்தால் அது ஏஸ். எனக்கு இரண்டு விழுந்திருக்கிறது. பூங்காவில் புல் வெட்டும் ஜோலீனுக்குக்கூட ஒன்று. இருபத்தாறு வருடமாக மழை, பனி பார்க்காமல் எறிகிற ஆர்லனுக்கு ஒன்றுகூட இல்லை. அதைச் சொல்லி அவனைக் கிண்டல் செய்தே இந்த ஊர் பாதிப் பொழுதைப் போக்கியிருக்கிறது.

தனியாக ஆடும்போது விழுந்தால் கணக்கில்லை. கண்ணால் பார்த்த ஒருவராவது தட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்தத் தட்டை எறியவே மாட்டார்கள், சுவரில் மாட்டிவிடுவார்கள். ஆர்லன் வீட்டில் அதற்கென்று அடித்த ஆணியில் அவன் மனைவி காலண்டரை மாட்டி வைத்திருக்கிறாள்.

ஆறாவது கூடை முடிவதற்குள் எனக்குக் கண் எரிந்தது. அவன் ஒவ்வொரு எறிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு தோளைப் பிடித்தான்.

"வலிச்சா விட்டுடேன்பா."

"வியாழக்கிழமைக்கு மேல சும்மாதானே இருக்கப் போறேன்."

"நானும் உன்கூடச் சும்மா இருக்கேன். இப்பவே ஆரம்பிப்போம்."

"பேசாம உக்காருடா கெழவா."

ஏழாவது மேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த பண்ணையில் சோளம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திர இரைச்சலே தாலாட்டாக இருந்தது. ஒரு நிமிடம் கண்ணை மூடினேன். அடுத்து என் காதில் விழுந்தது சங்கிலிச் சத்தம்.

விழித்தபோது ஆர்லன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். தூரத்தில் சங்கிலிகள் ஆடிக்கொண்டிருந்தன.

"பாத்தியா? வெண்டல், நீ பாத்தியா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. "பாத்தேன்" என்றேன்.

அறுபத்தொரு வயது ஆள் கூடை வரை ஓடினான். தட்டை எடுத்து வந்து பேனாவை நீட்டினான். என் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு சின்னப் பொய், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். தூக்கம் கெட்டவனுக்கு எல்லாம் சின்னதாகத்தான் தெரிகிறது.

அப்போது ஜோலீன் புல் வெட்டும் வண்டியில் வந்தாள். ஆர்லன் தட்டைத் தூக்கிக் காட்டினான். அவள் எஞ்சினை நிறுத்தினாள்.

"உனக்கா? நெசமாவா? எப்படி விழுந்துச்சு, சொல்லு."

"அவன் சொல்லட்டும். சாட்சி அவன்தானே."

அங்கேதான் நான் கெட்டேன். விழுந்தது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அவனுக்கு ஓர் அழகான எறியைக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

"சீராப் போச்சு ஜோலீன். அந்த மேப்பிள் மரத்தத் தொடாம வளைஞ்சு, கடைசியில மெல்ல எறங்கி நேரா உள்ள. இருபத்தாறு வருஷத்துல இவன் இவ்வளவு அழகா எறிஞ்சதில்ல."

பூங்கா வாசல் பலகையில் எழுதிவிடுவதாகச் சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பிப் போனாள். ஆர்லன் முகத்தில் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"அது மரத்துல பட்டுச்சு" என்றான்.

"என்னது?"

"கை வழுக்கிருச்சு. கோணலாப் போய்க் கிளையில பட்டு, அங்கேருந்து சங்கிலில விழுந்துச்சு. அசிங்கமான எறி. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு."

"ராத்திரி பூரா வேலைடா. ஒரு நிமிஷந்தான் கண்ண மூடினேன். சத்தம் கேட்டேன். கூடைக்குள்ளதானே கெடந்துச்சு?"

"தெரியும். உம்மேல கோவமில்ல. ஆனா யாரும் பாக்கலையே."

அவனிடம் வாதாடிப் பயனில்லை. மேடைக் கோட்டைக் கால் நுனி தாண்டினால், யாரும் கவனிக்காவிட்டாலும் தானே சொல்லித் தண்டனையாகத் தன் கணக்கில் ஓர் எறியைக் கூட்டிக்கொள்கிறவன் அவன்.

"ஜோலீன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

என் பெயரைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். அழியவில்லை. அந்தத் தட்டோடு எட்டாவது மேடையில் ஏறினான்.

"அத எறியாத ஆர்லன். வேற எடு."

திரும்பவில்லை. எறிந்தான். கை தோள் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. நாற்பதடி தள்ளிப் புல்லில் விழுந்தது தட்டு. தோளைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

"இத பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி. உன் எறி."