அலகில்லாத ஓர் அலை

1

தீவு நாடொன்றின் தலைநகரான சுவாவில் முப்பது ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவன் நான். விடைத்தாளில் வெறுமனே ‘ஆறு’ என்றிருந்தால், ‘ஆறு என்ன? ஆடா, ஆண்டா?’ என்று சிவப்பு மையில் கேட்பேன். அந்தப் பழக்கமே இக்கதையைப் பெற்றது.

முதல் தொடக்கம்: கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, இலியேசா… (வேண்டாம். கொந்தளித்ததா என்பதுதானே சிக்கல்!)

இரண்டாம் தொடக்கம்: முன்னொரு காலத்தில் எண்கள் தம் அலகுகளை ஆடையாக உடுத்தியிருந்தன. கூட்டல் என்னும் குளத்தில் இறங்குமுன் அவற்றைக் கரையில் களைந்து வைத்தன. குளித்துவிட்டு ஏறியபோது… (நீதிக்கதை ஆசை. மனிதர்கள் காத்திருக்கிறார்கள்.)

2

கடல்நிலை கணிக்கும் சிறிய அலுவலகமொன்றில் இலியேசா கணினி நிரல் எழுதுகிறான். சலோத்தே அவனுடைய மேலதிகாரி. அலை இரண்டரை மீட்டரைத் தாண்டினால் கண்டாவுத் தீவுக்குக் கப்பல் போகக் கூடாது. நண்பகலுக்குள் அவள் முடிவைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கப்பலில்தான் இலியேசாவின் தங்கை மணப்பெண்ணாக அத்தீவுக்குப் போகிறாள்.

கடலில் அலையை அளக்கும் இரண்டு மிதவைகள் அனுப்பிய எண்வரிசைகளை நிரல் ஒன்றாக இணைத்தது. இணைக்கும்போதே அலகுகளை உதறிவிட்டது. உச்ச அலை: ஆறு.

“ஆறு மீட்டரா? கப்பல் கிடையாது.”

“அடியா இருக்கும்க்கா! ஆறடின்னா ரெண்டு மீட்டர்கூட வராது.”

“தங்கச்சி கல்யாணம்னா உனக்குக் கடலே சுருங்கிடும்டா.”

அலகைக் கழற்றாமல் இணைக்கும்படி நிரலைத் திருத்தினான். நிரல் முரண்டு பிடித்தது. வடக்கு மிதவை மீட்டர். ஆறு என்று சொன்ன தெற்கு மிதவைக்கு அலகே குறிக்கப்படவில்லை. மீட்டரோடு வெற்றெண்ணைச் சேர்க்க மாட்டேன் என்றது. (என் வகுப்பில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுத்திருப்பேன்.)

“தெக்கு மிதவைய யாருடா வச்சது?”

“மனோவா.”

“எந்த மனோவா?”

“மாப்பிள்ளைதான்க்கா.”

3

(நம்ப மறுக்கும் வாசகருக்கு: தீவுகளில் ஆட்கள் குறைவு.)

கண்டாவுவில் இருந்த மனோவாவைத் தொலைபேசியில் பிடித்தார்கள்.

“மச்சான், உன் மிதவை அலையை மீட்டர்ல சொல்லுதா, அடியிலயா?”

“எதுல சொன்னா கப்பல் வரும்?”

சலோத்தே தொலைபேசியைப் பிடுங்கினாள். “மடையா, கப்பல்ல வரப்போறது உன் பொண்டாட்டிடா. யோசிச்சுச் சொல்லு.”

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

“அடின்னுதான்… நெனைக்கிறேன்க்கா.”

4

‘அடி’ என்று முடித்து, கல்யாண விருந்துக்குப் பன்றி வேகும் மணம் வரை மூன்று முறை எழுதிக் களித்தேன். ‘மீட்டர்’ என்று முடிக்க ஒரு வரிகூட ஓடவில்லை. காரணம் எளிது: எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. சலோத்தே புதுச்சட்டையே தைத்துவிட்டாள். நாங்கள் அனைவரும் ‘அடி’ என்றுதான் எழுதுவோம்.

இந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவர் நீங்கள் ஒருவர்தான். மணி பதினொன்று ஐம்பது. மணப்பெண் துறைமுகத்தில் நிற்கிறாள். நிரப்புங்கள்:

உச்ச அலை, ஆறு ________