பச்சைக் கட்டத்தில் வந்த மறுப்பு

காலை ஏழு மணிக்கு ஒச்சம்மாள் போனில் பிடித்த பிடியில், சூர்யகலா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"பச்சையா வந்துச்சே ஆத்தா! பச்சை வந்தா சீட்டு இருக்குன்னு நீதான சொன்ன? ஒம்பது பொம்பளைக அஞ்சு மணியில இருந்து நிக்கிறோம். எங்களுக்குன்னு ஒரு ஜீப்பையும் காணோம். இனிமே எப்ப மலை மெட்டு ஏறி எப்பக் காய் பறிக்க?"

போடியிலிருந்து மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகும் ஒரு குழுவுக்கு ஒச்சம்மாள்தான் தலைவி. ஜீப்பு முதலாளி பாண்டித்துரையின் வலைத்தளத்தில் முதல்நாள் சாயங்காலமே இடம் பதிந்துவிடுவாள். அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வது சூர்யகலாவின் வேலை. அவள் எழுதியதல்ல, முன்பு இருந்தவன் பாதியில் விட்டுப்போனது.

சூர்யகலா ஆபீசுக்கு வந்து, நிரம்பிய ஒரு ஜீப்பில் தானே பதிந்து பார்த்தாள். 'இடம் இல்லை, பதிவாகவில்லை' என்று வந்தது, பளிச்சென்ற பச்சைக் கட்டத்துக்குள். ஒச்சம்மாள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நேற்று நிறத்தைப் பார்த்ததுமே, மேலே படிக்காமல் போனைக் கீழே வைத்துவிட்டிருக்கிறாள். முன்னவன் எல்லாச் செய்திக்கும் பச்சை என்றே எழுதிவைத்திருந்தான்.

அதை எடுத்துவிட்டு, செய்தியின் வகைக்கேற்ற நிறம் வரும்படி மாற்றினாள். நல்ல செய்தி பச்சையாக வந்தது. பிழைச் செய்தியோ நிறமே இல்லாமல் மொட்டையாக நின்றது. பிரவுசரை மாற்றிப் பார்த்தாள். சர்வரை நிறுத்தி ஓட்டினாள். மணி பன்னிரண்டானபோதுதான் பிடிபட்டது: தளத்தை ஓட்டும் ஃப்ரேம்வொர்க் மென்பொருள் பிழைச் செய்திக்கு 'எரர்' என்று பெயர் வைத்திருந்தது; நிறம் கொடுக்கும் ஸ்டைல் ஃபைலுக்கோ 'டேஞ்சர்' என்றால்தான் தெரியும். இரண்டும் ஒன்றென்று செட்டிங்ஸில் ஒரு வரி எழுதியதும் கட்டம் சிவந்தது. ஒரே வரி! இதற்கா அரை நாள் என்று அவளுக்கு எரிச்சல் மண்டியது.

பாண்டித்துரை வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ரத்தம் மாதிரி இருக்கு? தொழில் நடக்குற எடத்துல செவப்பு வேணாம். மஞ்சளாக்கு, மங்களகரமா இருக்கட்டும்."

"அண்ணே, இல்லைன்னு சொல்றதுக்கு எதுக்குண்ணே மங்களம்? ஒம்பது பேரு இன்னைக்கு வேலையத்து வீட்டுல இருக்காக."

"சொன்னதைச் செய்யி."

பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சளாக்கினாள். மஞ்சளைப் பார்த்தால் ஒச்சம்மாளுக்கு என்ன புரியும் என்று அவருக்குக் காட்ட, மறுநாளைக்கு ஏற்கெனவே நிரம்பிவிட்ட முதல் ஜீப்பில் பதியச் சொல்லி அவளைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மஞ்சளா ஒண்ணு வருது ஆத்தா. சீட்டு இருக்கா, இல்ல காத்திருக்கணுமா? நாளைக்கும் எங்களை ரோட்டுல நிறுத்திப்புடாதீக."

பாண்டித்துரை மேசையைப் பார்த்தார்.

"சரி சரி, செவப்பே வையி. நானும் அதைத்தான் நெனச்சேன்."

சூர்யகலாவுக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. சிவப்பைத் திரும்பப் போட்டாள். இரண்டாவது ஜீப்பில் ஒன்பது இடத்தைத் தானே பதிந்து, ஒச்சம்மாளிடம் வாயால் சொன்னாள்.

"நீ சொல்லிட்டேல்ல, அது போதும்" என்றாள் ஒச்சம்மாள். "அந்தக் கலரை இனிமே நான் நம்ப மாட்டேன்."

போன் கட்டானது. வாசல்வரை போன பாண்டித்துரை திரும்பினார்.

"கலா, அந்தப் பச்சை இருக்குல்ல, அது லேசா மின்னுற மாதிரி வந்தா நல்லாருக்கும்."

சூர்யகலா சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திறந்தாள். சோறு ஆறிப் போயிருந்தது.