நீல ஊசி

மத்தியானம் ஃபேக்டரியில் டீ குடிக்க உட்கார்ந்தபோதுதான் மாப்பிள்ளையின் உதடுகளைக் கவனித்தேன். பேனா மையைக் குடித்தவன்போல நீலம். நகங்களும் அப்படியே.

"தலை கொஞ்சம் பாரமா இருக்கு, மச்சான்" என்றான், சிரித்துக்கொண்டே.

காலையில் நைட்ரோபென்சீன் பம்ப்பை இருவரும் சேர்ந்து பழுது பார்த்தோம். கேஸ்கெட் வழியாக நைட்ரோபென்சீன் கசிந்து அவன் பூட்ஸுக்குள் இறங்கிவிட்டது. வெளிர்மஞ்சள் எண்ணெய், பாதாம் வாசனை. அதிலிருந்துதான் அனிலின் செய்கிறோம், அனிலினிலிருந்து சாயம், ரப்பர், மருந்து என்று என்னென்னவோ. எரியவில்லை, வலிக்கவில்லை. "பத்து நிமிஷ வேலை, முடிச்சிட்டுப் போய்க் கழுவிக்கலாம்" என்றது நான்தான். முடிய ஒரு மணி நேரமாயிற்று.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. டாக்டரம்மா ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுக் காத்திருந்தார். "காத்து பட்டா சிவக்கணும். சிவக்கல பாருங்க. தோல் வழியா ஏறியிருக்கு. மூச்சு விடுறாரு, ஆனா ரத்தம் அதைச் சுமக்க மாட்டேங்குது."

தங்கை மூச்சிரைக்க ஓடிவந்த நேரம், நர்ஸ் ஊசியோடு வந்தாள். உள்ளே அடர்நீல மருந்து.

"ஏற்கெனவே நீலமா கெடக்காரு, இன்னும் நீலத்தையா ஏத்துறீங்க?" தங்கை அழுதுவிட்டாள்.

"இதுதாம்மா அந்த விஷத்துக்கு மாத்து" என்றார் டாக்டரம்மா. "இதுவும் இவங்க செய்யற அனிலினோட வம்சந்தான்."

மருந்து மெல்ல மெல்ல நரம்பில் இறங்கியது. நாங்கள் கட்டிலின் இருபுறமும் நின்றோம். இமைக்கக்கூடப் பயமாக இருந்தது. அரை மணி போயிருக்கும். முதலில் கீழுதட்டின் நடுவில் ஒரு கீற்று வெளுத்தது. பிறகு அதில் சிவப்பு ஊறியது, ஓரங்களுக்குப் பரவியது, நகங்களுக்கு வந்தது. பிறந்த குழந்தை முதன்முதலாக அழும்போது நிறம் மாறுமே, அப்படி. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வருஷமாக டன் கணக்கில் பம்ப் செய்த சரக்கு. அதை அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

சாயங்காலம் அவன் எழுந்து உட்கார்ந்தான். நர்ஸ் சிறுநீர் சோதனைக்கென்று ஒரு பாட்டிலைக் கொடுத்து அவனைக் கழிவறைக்கு அனுப்பினாள்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "எப்படிண்ணா ஆச்சு? உடனே கழுவலையா?"

"நான்தாம்மா..." என்று தொடங்கினேன்.

"மச்சான்! இங்க பாருங்களேன்!"

கழிவறை வாசலில் மாப்பிள்ளை நின்றிருந்தான். கையைத் தூக்கி, பாட்டிலை ஜன்னல் வெயிலில் பிடித்திருந்தான். உள்ளே, ஊசி மருந்து கரைந்து வந்த, ஆழமான கடலின் பச்சைநீலம் தகதகத்தது.