வோல்டேஜைக் குறைத்தவள்

டிஜிட்டல் காசுக்காக ஓயாமல் கணக்குப் போடும் இயந்திரங்கள் அந்தக் கொட்டகையில் நாற்பது இருந்தன. மூன்று வாரமாக அவள் ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து வோல்டேஜைத் துளித்துளியாகக் குறைத்தாள். தப்பான விடை தலைகாட்டியதும் ஒரு படி ஏற்றி நிறுத்தினாள். பிறகு அதற்கேற்ற வேகம். ஒரே அச்சில் வார்த்தவைதான். ஆனால் ஒன்று தாங்குவதை இன்னொன்று தாங்காது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது சிப்புக்கும் பொருந்தும். சூடு தணிந்து, கொட்டகையில் இப்போது மூச்சுவிட முடிந்தது. அதில் அவளுக்கு ஒரு பெருமை. வீட்டில் யாரும் விசாரிக்காததால் அது உள்ளேயே கிடந்து கெட்டிப்பட்டிருந்தது.

அன்று காலை மேலாளர் வந்தார். எதற்கெடுத்தாலும் நூறு சதவீதம் என்பதால் அவருக்கு 'நூறு' என்றே பெயர்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல முதலாளி வர்றாரு. நாப்பதுக்கும் ஒரே செட்டிங், உச்ச வேகம். வச்சிரும்மா."

"பாதி தாங்காது சார்."

"தாங்கும், தாங்கும். நீதான் தாலாட்டுப் பாடித் தூங்க வச்சிருக்க."

மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு வேலை அக்கா திரும்பாமலே சொன்னாள்: "சார் வந்து நின்னாலே சூடாகுது. தனியா வேற ஏத்தணுமா?"

"நீ தூசியைப் பாரு." அவர் இவள் பக்கம் திரும்பினார். "ஒண்ணுல போட்டுக் காட்டு."

பதினெட்டாம் இயந்திரத்தில் போட்டாள். திரையில் பெரிய எழுத்தில் வேகம் எகிறியது. நூறு தொடையில் தட்டிக்கொண்டார்.

"அரை மணி நேரம் பொறுங்க சார். பெரிய எழுத்தைப் பாக்காதீங்க. கீழ சின்னதா இருக்கே, ஏத்துக்கிட்ட விடை, அதைப் பாருங்க."

அரை மணியில் பதினெட்டாம் இயந்திரம் அடுப்பாகக் கொதித்தது. விடைகளில் பாதி தப்பென்று தள்ளுபடி. பக்கத்தில் நிதானமாக ஓடிய பத்தொன்பது அதை முந்தியிருந்தது. நூறு இரண்டு எண்களையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டதை அவள் கண்டாள்.

"முதலாளி பெரிய எழுத்தைத்தான் பாப்பாரு," என்றார் தாழ்ந்த குரலில். "எல்லாத்துக்கும் போட்டுரு."

தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். யார் மாற்றினார்கள் என்பது கணினியில் பெயரோடு பதிவாகும். நாளை சிப் கருகினால் அங்கே இருக்கப்போவது அவள் பெயர். முடிவெடுப்பது அடுத்தவர், கெட்ட பெயர் அவளுக்கு: கல்யாணம் முதல் வாடகை வீடு வரை அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரி என்று சொன்ன அந்த வாய் அவளுடையதுதான். அதுதான் அதிகம் எரிந்தது.

கணினியில் தன் பெயரில் திறந்திருந்ததை மூடிவிட்டு எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க பேர்ல உள்ள போய் நீங்களே போடுங்க சார்."

"வேலை வேணாமா உனக்கு?"

"வேணும். அதான் போட மாட்டேங்கிறேன்."

அவர் உட்கார்ந்தார். பெயரைத் தட்டினார். நாற்பதையும் தேர்ந்தெடுத்தார். மவுஸின் மேல் விரல் நின்றது. அக்காவின் துணியும் நின்றது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம். நூறு திரையில் இருந்த தன் பெயரைப் பார்த்தார், விரலை எடுத்தார்.

"அந்தப் பதினெட்டைப் பழையபடி ஆக்கிரு."

அவள் உடனே உட்காரவில்லை.

"முதலாளிகிட்ட சின்ன எழுத்தை நானே காட்டுறேன் சார். சரின்னு சொல்லுங்க, அப்புறம் மாத்துறேன்."

பதினெட்டின் விசிறிகள் அலறிக்கொண்டிருந்தன. அவள் கைகட்டி நின்றாள்.

"சரிம்மா, சரி!" என்றார் அவர்.