ஹபீபுல்லாவின் கரப்பான் சான்றிதழ்

ஜித்தாவில் இருபத்திரண்டு ஆண்டுகள் கரப்பான் கொன்றுவிட்டுத் திருச்சி பாலக்கரைக்குத் திரும்பிய ஹபீபுல்லா, தன் உத்தியோகத்தை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "பெஸ்ட் கண்ட்ரோல் சூப்பர்வைசர்" என்பார். சொல்லிவிட்டு, கேட்டவருக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்சம் அவகாசம் கொடுப்பார்.

கார்கோவில் வந்த அவருடைய பெட்டிகளில் ஒன்று முழுக்க மருந்து. வெள்ளை பாட்டில், சிவப்பு மூடி, லேபிள் கிடையாது. கம்பெனி ஸ்டோரிலிருந்தே வந்ததற்கு லேபிள் எதற்கு? சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்கும் ஆளுக்கொரு அத்தர், ஒரு தைல டப்பா, ஒரு பாட்டில் கரப்பான் மருந்து என்று பிரித்துக் கொடுத்தார். மீதி வீட்டுக்கு. வியாழன்தோறும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், தோளில் பம்பு என்று கிளம்பிவிடுவார். மாஸ்க் அவருக்கு மட்டும். சமையலறை மூலை, பீரோ அடி, ஹாலின் நாலு சுவரோரம் என்று ஒன்றையும் விடமாட்டார். நாற்றம் மறுநாள் வரை நிற்கும்.

"வாசனை நின்னாத்தான் மருந்து நிக்குதுன்னு அர்த்தம்" என்பது அவர் யாருக்கும் சும்மா சொல்லித்தராத தொழில் ரகசியம்.

அந்த ஹாலில்தான் அவருடைய பேத்தி இன்ஷா தவழ்ந்துகொண்டிருந்தாள். பத்து மாதம். தரையில் கிடப்பது எதுவானாலும் அதன் ருசியை அறியாமல் விடமாட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குக் கண்ணில் நீர் வழியும், எச்சில் ஒழுகும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். ஞாயிற்றுக்கிழமை தெளிவாள். புதன் வரை சிரிப்பாள்.

இன்ஷாவின் அம்மா அல்ஃபியா இதை நான்கு வாரம் காலண்டரில் குறித்துக் கணவன் ஜமீலிடம் காட்டினாள். ஜமீல் சிங்காரத்தோப்பில் செல்போன் கவர் விற்பவன். யாரிடமும் எதையும் விற்றுவிடுவான், அத்தா ஹபீபுல்லாவிடம் மட்டும் வாய் திறக்காது.

"நீயே சொல்லு" என்றான்.

"உங்க அத்தாதானே?"

"அதனாலதான் நீ சொல்லுங்குறேன்."

அவள் மாமனாரிடம் போகவில்லை, மேலப்புதூரில் குழந்தை மருத்துவர் தைரியராஜிடம் போனாள். டாக்டர் காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். இன்ஷாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அவள் அதன் குழாயைக் கடித்தாள்.

"வளந்தா சரியாயிடுமா டாக்டர்?"

"வீசிங் சரியாகலாம். என் கவலை அது மட்டும் இல்லம்மா. உங்க மாமனார் நின்னுக்கிட்டு மூச்சு விடறாரு, அதுவும் மாஸ்க் போட்டுக்கிட்டு. இது தரையிலேயே மூச்சு விடுது. தரையைத் தொட்ட கையை வாயில வைக்குது. மொத்தமே எட்டு கிலோ உடம்பு. மூளை வேகமா வளந்துகிட்டிருக்கிற நேரம். பொறந்ததுலேருந்தே இந்த மாதிரி மருந்து பட்ட பிள்ளைங்களுக்குப் பின்னாடி கவனத்துல, படிப்புல சிக்கல் வரலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. உங்க பிள்ளைக்கு வரும்னு நான் சொல்லல. வராதுன்னு எழுதிக் கொடுக்கவும் என்னால முடியாது. அதனாலதான் இன்னிக்கே நிறுத்துங்கன்னு சொல்றேன். ஆமா, என்ன மருந்து?"

"லேபிள் இல்ல டாக்டர்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். "மொதல்ல அந்தப் பேரைக் கண்டுபிடிங்க."

வீட்டில் ஹபீபுல்லா சிரித்தார். "டாக்டருக்குக் கரப்பானைப் பத்தி என்னம்மா தெரியும்? நான் இளவரசர் மாளிகையிலயே மருந்து அடிச்சவன்" என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் தங்கநிறச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் தொங்கியது. முழுக்க அரபி, அடியில் நீல முத்திரை. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அரபியை எழுத்துக்கூட்டி ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. அதனால் வந்தவர்கள் அதன் எதிரே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஹபீபுல்லாவுக்கும் அர்த்தம் தெரியாதுதான். ஆனால் ஜித்தாவில் இருந்தவருக்கு அரபி தெரியாமலா இருக்கும் என்று ஊர் தானாகவே முடிவுகட்டியிருந்தது. ஊரின் முடிவில் அவர் தலையிடவில்லை.

அல்ஃபியா கல்லூரியில் மூன்று வருடம் அரபி படித்தவள். மாமனாரின் சான்றிதழை எட்டிப் பார்த்துப் படிப்பது மரியாதையில்லை என்று இத்தனை நாள் விட்டிருந்தாள். மருந்தின் பெயராவது இருக்குமா என்று அன்றைக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். முதல் வரியில் புருவம் உயர்ந்தது. கடைசி வரிக்கு வந்தபோது துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். வியாழக்கிழமை வரட்டும் என்று இருந்தாள்.

வியாழனன்று மாமியார் சாரா பீவியின் தம்பி காஜா மைதீன் மனைவியோடு வந்திருந்தார். ஹபீபுல்லா பம்பைத் தோளில் மாட்டி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, இளவரசர் மாளிகையின் சமையலறை நம்முடைய தெப்பக்குளத்தைவிடப் பெரியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, அந்தச் சர்டிபிகேட்டை இவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள் அல்ஃபியா.

"கண்ணாடி உள்ள இருக்கும்மா. பாராட்டுதான், வேற என்ன."

"நான் படிக்கட்டுமா மாமா?"

ஹபீபுல்லா மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டார். அவள் பாடப் புத்தகம் வாசிப்பதுபோல் சாதாரணமாகத்தான் வாசித்தாள். ஆனாலும் காஜா மைதீன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முடிந்ததும் காஜா மைதீன் நெகிழ்ந்து, "ஆமீன்" என்றார்.

"அர்த்தத்தையும் சொல்லும்மா, கேப்போம்" என்றாள் சாரா பீவி.

"கரப்பான் மருந்து அடிக்கிற வீட்டுக்காரங்க தர வேண்டிய உறுதிமொழி, மாமி."

காஜா மைதீன் தன் ஆமீனை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் இருமினார்.

"மொத விதி, ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களையும் கர்ப்பிணிகளையும் வெளிய அனுப்பிடணும், ஒரு நாள் முழுக்க உள்ள விடக் கூடாது. ரெண்டு, ஜன்னலைத் திறந்து வைக்கணும். மூணு, தவழுற பிள்ளை இருந்தா தரையைச் சோப்புப் போட்டுக் கழுவாம கீழ இறக்கக் கூடாது. நாலாவதுல மருந்தோட பேரு இருக்கு, அதை டாக்டருக்கு அனுப்பிட்டேன். கீழ ரெண்டு கையெழுத்து. இதையெல்லாம் படிச்சு, வீட்டுக்காரங்களுக்கு விளக்கிச் சொன்னவர் போட்டது ஒண்ணு."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"சூப்பர்வைசர் ஹபீபுல்லா."

சாரா பீவி புருஷனை நிதானமாகப் பார்த்தாள். "இன்னொண்ணு இளவரசரா?"

"கேட் காவலாளி, மாமி."

ஹபீபுல்லா கனைத்தார். "அந்த ரூலெல்லாம் அந்த ஊருக்கும்மா. அங்க ஜன்னலே திறக்க மாட்டாங்க. நம்ம வீடு காத்தோட்டமான வீடு."

"சரிங்க மாமா." அல்ஃபியா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டினாள். "அப்ப இன்ஷாவுக்காக நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அடிங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வரி போதும்."

அவர் பேனாவை வாங்கினார். ஜித்தாவில் எத்தனை ஆயிரம் பேரிடம் பேனாவை நீட்டியவர், தன்னிடம் நீட்டப்பட்டதை இப்போதுதான் பார்க்கிறார். பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அதற்குள் இன்ஷா தவழ்ந்து வந்து, பம்பின் குழாய் நுனியில் சொட்டிக்கொண்டிருந்ததை நோக்கிக் கையை நீட்டினாள். ஹபீபுல்லாவின் கை அவரைக் கேட்காமலேயே குழாயைத் தலைக்கு மேல் தூக்கியது. அவருடைய வழுக்கையில் இரண்டு சொட்டு விழுந்தது.

"யா அல்லா, சோப்பு! சோப்புக் கொண்டாங்க!" என்று அலறினார் சூப்பர்வைசர்.

தலையைக் கழுவி வந்த பிறகு பம்பு மொட்டைமாடி அறைக்குள் பூட்டப்பட்டது. கொடுத்த பாட்டில்களைத் திரும்ப வாங்க மறுநாளே ஸ்கூட்டரில் புறப்பட்டார். எத்தனை குழந்தைகளுக்கு என்ன ஆனதோ என்று உண்மையாகவே பயந்திருந்தார். முதலில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சிநேகிதர் சடகோபன் வீடு.

"ஓய், நீர் கடல் தாண்டிக் கொண்டுவந்து குடுத்ததைப் போய்க் கரப்புக்குப் பிரயோகம் பண்ணுவேனா?" என்று அவர் ஷோகேஸைத் திறந்தார். பாட்டில் சீல் உடையாமல் நின்றது. உறையூர் சொந்தக்காரர் வீட்டில் பீங்கான் பொம்மைக்கும் அத்தருக்கும் நடுவில். காஜா மைதீன் வீட்டில் பீரோ லாக்கரில், நகைப் பெட்டியோடு. வெளிநாட்டுச் சாமான் என்று எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தார்கள். ஜித்தா மருந்தைக் குறையில்லாமல் அனுபவித்த ஒரே வீடு அவருடையதுதான்.

இத்தனை மருந்துக்கும் அந்த வீட்டில் கரப்பான் எப்படிப் பிழைத்தது என்பதற்குச் சாரா பீவி விளக்கம் வைத்திருந்தாள். புருஷனின் கட்டிலை நகர்த்தினாள். அடியில் பாதி கடித்த வர்க்கிகள், பேரீச்சங்கொட்டைகள், சீனி காய்ந்த டீ கிளாஸ் ஒன்று.

"மருந்தும் இவருதான், விருந்தும் இவருதான்" என்றாள்.

அதை வாரிக் கொட்டியதும், சாக்கடைத் துளைக்கு வலை வைத்ததும், ஒழுகிய குழாயைச் சரிசெய்ததும் ஜமீல். தரை மட்டும் ஹபீபுல்லாவின் பொறுப்பு. இரண்டு வெள்ளிக்கிழமைகள் பூனைக்குட்டிச் சத்தம் இல்லாமல் கழிந்தன. டாக்டர் "நல்லது" என்றார். பள்ளிக்கூடம் போகும் வரை வளர்ச்சியைக் கவனித்துக்கொண்டே இருப்போம் என்றார்.

மூன்றாவது வியாழன் அஸருக்குப் பிறகு ஹபீபுல்லா கைலியை மடித்துக் கட்டி, முட்டி போட்டுச் சோப்புத் தண்ணீரால் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஷா அம்மாவின் இடுப்பிலிருந்து அவரை அதட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, பீரோ ஓரம் விட்டுட்டீங்க" என்றாள் அல்ஃபியா.

"வரேம்மா, வரேன்."

வாசலில் யாரோ ஸலாம் சொன்னார்கள். ஹபீபுல்லா துணியைக் கையில் பிடித்தபடி கிசுகிசுத்தார். "சாரா, மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடு."

சாரா பீவி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "உள்ள வாங்க, மீட்டிங் ஹால்லதான் நடக்குது. தரை ஈரமா இருக்கு, சூப்பர்வைசரை மிதிச்சிடாம பாத்து வாங்க."