மேலடுக்கில் கிடந்த நகல்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைப் பிடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரோபோவின் கை ஒரு பொருளை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் நிரல் அவர் எழுதியது. கொஞ்ச நாளாக அந்தக் கை கண்ணாடிப் புட்டியைத் தூக்கும்போது நடுங்கியது. வாடிக்கையாளர் வருவதற்குள் நடுக்கம் நிற்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி, தலையைக் குனிந்துகொண்டான். பாசக்காரப் பிள்ளை, தனக்காக வருந்துகிறான் என்று பிடிக்காரர் நினைத்தார். அசட்டு மனிதர்!

எழுதினார், திருத்தினார், மறுபடி ஓட்டினார். நடுக்கம் நின்றபாடில்லை. ஒரு மதியம் வெறுத்துப்போய்த் தன் நிரல் இருந்த பேக்கேஜ் முழுவதையும் அழித்துவிட்டுக் கையை இயக்கினார். அது செத்துக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் ஜம்மென்று எழுந்து, புட்டியைத் தூக்கி, வழக்கம்போல் நடுங்கியது.

அழித்த நிரல் எங்கிருந்து ஓடுகிறது என்று தேடினார். அந்த ரோபோவில் நிரல்களை வைக்கும் அடுக்குகளாக இரண்டு வொர்க்ஸ்பேஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கீழே அவருடையது, மேலே ரோபோவின் கேமராவுக்கு நிரல் எழுதும் மைத்துனனுடையது. ஒரே பெயரில் இரண்டிலும் பேக்கேஜ் இருந்தால் ரோபோ மேலே இருப்பதைத்தான் எடுக்கும், கீழே எட்டிக்கூடப் பார்க்காது. மேலடுக்கைத் திறந்தார். அவருடைய பேக்கேஜின் நகல் அங்கே, அதே பெயரில், மைத்துனன் கை வைத்துக் கெடுத்த கோலத்தில் கிடந்தது. அதைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை மீட்டு ஓட்டினார். புட்டி அலுங்காமல் எழுந்தது.

"இது உன் வேலையாடா?"

"சும்மா ஒரு டெஸ்ட்டுக்குக் காப்பி பண்ணேன் மாமா. எடுக்க மறந்துட்டேன்."

"எப்ப ஞாபகம் வந்துச்சு?"

கல்லுளிமங்கன் கேமராவின் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான். கையைப் பிடித்து அழைத்துவந்து அவனை இந்த வேலையில் சேர்த்ததே அவர்தான்.

"மேனேஜர் என்னைக் கிழிச்சப்பவே தெரியுமா?"

"தெரியும். சொன்னா என்னைத் தூக்கிடுவாங்களே மாமா."

"என்னைத் தூக்கினா பரவாயில்லையா?"

"நான் சொல்லிடறேன்னுதான் சொன்னேன்..." அவன் குரல் உள்ளே போனது. "அக்காதான், அவருக்கு எங்க போனாலும் வேலை கிடைக்கும், நீ வாயை மூடிட்டு இருன்னாங்க."

வேலை போனால் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி தினமும் தேற்றியதில் அவர் உருகிப்போயிருந்தார். தம்பிக்காகத் தன்னைக் கை கழுவியிருக்கிறாள்.

உள்ளே வந்த மேலாளர் புட்டியைப் பார்த்து வாயெல்லாம் பல்லானார். "சரியாயிடுச்சா! ரொம்பக் களைச்சுப்போயிட்டீங்க, வீட்டுக்குப் போய் நிம்மதியா இருங்க."

பிடிக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை.